காந்தத்தால் நிற்கின்ற துளைப்பான்: ஹெப்பகோடி மொட்டைமாடி ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓட்டை என்பது இல்லாத ஒன்று. இல்லாத ஒன்றுக்காக ஒரு குடும்பஸ்தன் எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதே இவ்வாய்வின் சிக்கல். முன்னோர் எவரும் இதுபற்றி நூல் செய்து வைக்கவில்லை. ஆகவே கட்டுரையாளர் தன் வீட்டு மொட்டைமாடியையும் தன் மனைவியின் பொறுமையையும் களமாகக் கொள்ள வேண்டியதாயிற்று.

களம் இருப்பது ஹெப்பகோடியில். பெங்களூரிலிருந்து ஓசூர் சாலையில் வந்தால் எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி, பொம்மசந்திராவுக்கு முன்னால், ஆனேக்கல் வட்டத்துக்குள் வரும் ஊர். வடக்கே, 1978-ல் கியோனிக்ஸ் 332 ஏக்கரில் தொடங்கிய எலெக்ட்ரானிக் சிட்டி. அங்கே இரும்பைத் தொடாமலே சம்பாதிக்கிறார்கள். தெற்கே பொம்மசந்திரா தொழிற்பேட்டை. அங்கே இரும்பைத் தொட்டால்தான் சோறு. கட்டுரையாளர் தெற்குக் கட்சி. இருபத்திரண்டு ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். அதாவது அடுத்தவர் போட்ட ஓட்டைக்குள் பிளக் கேஜை விட்டு, 'கோ' போகிறதா, 'நோ-கோ' நிற்கிறதா என்று பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று எழுதிய கை. தானே ஒரு ஓட்டையும் போட்டதில்லை. இந்த வாழ்க்கைக் குறிப்பு தற்பெருமைக்காக அன்று. பின்னால் நடக்கப்போவதற்கு இதுவே முதற்காரணம்.

துணைக்காரணம் தண்ணீர். 2024 கோடையில் பெங்களூருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வந்ததும், மார்ச் மாதம் மாவட்ட நிர்வாகம் டேங்கர் லாரிகளுக்கு விலை நிர்ணயித்ததும் (12,000 லிட்டர் லாரி ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் 1,000 ரூபாய்) வாசகர் அறிந்தவை. லாரி வரும் அன்றைக்குப் பிடித்து வைக்க இடம் வேண்டும். மொட்டைமாடியில் இன்னொரு 1,000 லிட்டர் டேங்க், அதற்கு இரும்பு ஸ்டாண்டு என்று வீட்டில் தீர்மானமாயிற்று. ஸ்டாண்டுக்கு நான்கு கால். காலுக்கு ஒரு பேஸ் பிளேட், பத்து அங்குலச் சதுரம், 8 மி.மீ. கனம். பிளேட்டுக்கு நான்கு போல்ட். எம் 16 போல்ட்டுக்கு 18 மி.மீ. ஓட்டை என்பது வழக்கம். ஆக, பதினாறு ஓட்டை.

"பன்னெண்டு எம்எம் போல்ட்டே போதும் சார், தண்ணித் தொட்டிதானே, ராக்கெட்டா?" என்றார் எங்கள் சந்து முனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கிருஷ்ணகிரித் தம்பி. கட்டுரையாளர் இணங்கவில்லை. "சரி, எடுத்துட்டு வாங்க. ஓட்டைக்கு இருபத்தஞ்சு ரூபா. சாயந்தரம் வந்து வாங்கிக்கங்க" என்றார் தம்பி.

பதினாறு இருபத்தைந்து நானூறு. ஆய்வு இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம், அந்தப் பட்டறையில் ஒரு ஐ-பீமின் விலாவில் பல்லியைப் போல ஒட்டிக்கொண்டு, யாரும் பிடிக்காமலே ஓட்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு யந்திரம் கட்டுரையாளர் கண்ணில் பட்டதுதான்.

சொல்லாராய்ச்சி

பட்டறையில் அதற்கு மேக்னட் டிரில் என்று பெயர். தமிழில் காந்தத் துளைப்பான் எனலாம். ஆனால் இத்தொகையை விரிப்பதில் இடர் உண்டு. காந்தத்தைத் துளைப்பது என இரண்டாம் வேற்றுமையாக விரித்தால், வாங்கியவன் வாங்கிய பொருளையே கெடுத்துக்கொள்வான். காந்தத்தால் துளைப்பது என மூன்றாம் வேற்றுமை கொண்டால் துளையிடும் பெருமை காந்தத்துக்குப் போகும். காந்தமோ பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி, ஒரு துளையும் இடுவதில்லை. காந்தத்தினது துளைப்பான் என ஆறாம் வேற்றுமைக்குப் போனால் சொத்தே காந்தத்துக்குச் சேர்ந்துவிடும். பணம் கட்டியவன் தெருவில் நிற்பான். ஆகவே 'காந்தத்தால் நிற்கின்ற துளைப்பான்' என, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொள்வதே மரபு வழுவாத முடிபு. இம்முடிபை வீட்டில் வாசித்துக் காட்டியபோது கிடைத்த மறுமொழி: "அதெல்லாம் சரிங்க, எவ்வளவு?"

துளைக்கருவிக்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. துரப்பணம் என்றார்கள், தமரூசி என்றார்கள். மணியில் துளையிடுவோருக்குக் குயினர் என்று தனிப்பெயரே இருந்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது பச்சைக்கல், படிகம், சூதுபவளம் எனப் பல கல்மணிகள், துளையிட்டு முடிந்தவையும் முடியாதவையுமாகக் கிடைத்திருக்கின்றன. அதே ஊரில் இரும்பு உருக்கிய உலைகளும் இருந்தன. துளையிடாமல் கிடந்த மணிகளைப் பற்றிக் கட்டுரையாளருக்கு ஓர் ஐயம் உண்டு. அவை வேலை நின்றுபோன பட்டறையின் மிச்சம் என்கிறார்கள். தரக்கட்டுப்பாட்டில் ரிஜெக்ட் ஆனவையாக ஏன் இருக்கக் கூடாது?

கன்னடத்தில் ஓட்டைக்குத் தூத்து என்பார்கள். "எல்லார மனெ தோசெனு தூத்தே" என்பது ஹெப்பகோடியில் நித்தம் காதில் விழும் பழமொழி. எல்லார் வீட்டு தோசையிலும் ஓட்டைதான், எந்த வீட்டில் குறையில்லை என்று பொருள். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி இதை எதற்கும் சொல்வார். பழமொழி தோசையைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்பதை வாசகர் குறித்துக்கொள்க. தோசைக்கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

யந்திரத்தின் இயல்பு

வரலாற்றைச் சுருக்கிவிடலாம். 1825-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் குதிரை லாடம்போல் வளைத்த இரும்பில் செம்புக் கம்பியைச் சுற்றி மின்சாரம் விட்டார். 200 கிராம் இரும்பு 4 கிலோவைத் தூக்கியது. ஆறே ஆண்டில், 1831-ல், அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி செய்த மின்காந்தம் 936 கிலோ தூக்கியது. 1895-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் கையில் பிடிக்கும் மின்சார டிரில்லைச் செய்தது. இவ்விரு வம்சத்துக்கும் பின்னாளில் நடந்த கலப்புத் திருமணத்தின் பிள்ளையே நம் யந்திரம்.

அடியில் மின்காந்தம். சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று இரும்பைக் கவ்வும். அந்த 'டப்' ஓசைக்காகவே பாதி விலை கொடுக்கலாம் என்பது கட்டுரையாளரின் சொந்தக் கருத்து. மேலே மோட்டாரும், அதை ஏற்றி இறக்கும் சறுக்குத் தடமும், மூன்று கைப்பிடிச் சக்கரமும். மோட்டாரின் முனையில் சாதாரண டிரில் பிட் இல்லை. உள்ளே கூடான கட்டர், விளிம்பில் மட்டும் பல்.

இங்கே சற்று நின்று போக வேண்டும், ஏனென்றால் இந்த யந்திரத்தின் அழகு முழுவதும் இதில்தான் இருக்கிறது. சாதாரண பிட், ஓட்டையின் பரப்பு முழுவதையும் சுரண்டிச் சுருளாக வெளியே தள்ள வேண்டும். அதற்குப் பலம் வேண்டும். கை டிரில்லில் அவ்வளவு பெரிய பிட்டைப் போட்டால், இரும்பைத் துளைத்து வெளியேறும் கணத்தில் அது சிக்கிக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பிவிடும். இந்தக் கூடான கட்டரோ ஓரத்தில் ஒரு வளையத்தை மட்டும் வெட்டிவிட்டு, நடுவை அப்படியே வில்லையாகக் கழற்றிக் கொடுக்கிறது. பூரி ஒரே அளவாக வர டப்பா மூடியை மாவில் அழுத்தி எடுப்பதுண்டே, அதே வேலை. வேறுபாடு ஒன்றுதான்: சமையலறையில் வட்டம் வேண்டும், சுற்று மாவு திரும்ப உருண்டைக்குப் போகும். இங்கே சுற்று வேண்டும், பூரி குப்பைக்குப் போகும்.

கட்டருக்கு நடுவே ஒரு ஊசி. முதலில் சென்டர் பஞ்ச் வைத்த புள்ளியைக் காட்டவும், வெட்டும்போது எண்ணெய் இறங்க வழிவிடவும், கடைசியில் வில்லையை ஸ்பிரிங் விசையில் வெளியே தள்ளவும் அது பயன்படுகிறது. இரண்டு பிளேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இந்தக் கட்டரை ஓட்டக் கூடாது என்பார்கள். முதல் பிளேட்டின் வில்லை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கீழே என்ன நடக்கிறது என்று கைக்குத் தெரியாது. இந்த விதியைக் கட்டுரையாளர் தன் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார். தேதியும் போட்டிருக்கிறார்.

காந்தத்துக்கு இரண்டு பலவீனம். ஒன்று, மின்சாரம் போனால் பிடியும் போகும். செங்குத்தான இடத்தில் ஒட்டியிருந்தால் பன்னிரண்டு கிலோ இரும்பு காலில் விழும். அதனால்தான் பெட்டியிலேயே ஒரு சங்கிலி தருகிறார்கள். கரண்ட் போனாலும் விடாத நிலைக்காந்த வகைகளும் உண்டு. அவற்றின் விலையைக் கேட்டால் நமக்குப் பிடி விட்டுவிடும். இரண்டாவது பலவீனம், கவ்வும் இரும்பின் கனம். அட்டைப்பெட்டியில் 10,000 நியூட்டன் என்று போட்டிருக்கும். ஏறக்குறைய ஒரு டன். அதாவது, தளும்ப நிரப்பிய எங்கள் 1,000 லிட்டர் டேங்க். ஆனால் அது தடித்த, துடைத்த, பெயின்ட் இல்லாத இரும்பில் நேராக மேல்நோக்கி இழுத்துப் பார்த்த கணக்கு. காந்தம் அனுப்பும் புலம் முழுவதும் போய்த் திரும்ப இரும்புக்குள் இடம் வேண்டும். மெல்லிய தகட்டில் இடம் நெருக்கடியாகி மிச்சம் வெளியே கசிந்துவிடும். பொதுவாக 12 மி.மீ. கனமாவது வேண்டும் என்பார்கள். பக்கவாட்டில் தள்ளினால் உராய்வு மட்டுமே துணை. அந்த ஒரு டன் அங்கே கால் டன்னாகச் சுருங்கிவிடும். நடுவில் துருவோ, பெயின்ட்டோ, ஒட்டிய இரும்புத் தூளோ இருந்தால் அதுவும் இல்லை.

மலிவின் உடற்கூறு

2025 ஆகஸ்ட் 10-ல் மஞ்சள் மெட்ரோ தொடங்கிய பிறகு ஹெப்பகோடியிலிருந்து எஸ்.பி. ரோட்டுக் கருவிக் கடைகளுக்குப் போவது சுலபம். பயோகான் பெயர் சுமக்கும் எங்கள் ஸ்டேஷனில் ஏறி, ஆர்.வி. ரோடில் பச்சைத் தடத்துக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் கொஞ்ச தூர நடை. வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஆயிரக்கணக்கான போல்ட். ஒவ்வொரு போல்ட்டுக்கும் யாரோ ஓட்டை போட்டிருக்கிறார்கள். மனம் அப்படித்தான் கணக்குப் போட்டது.

முதற்கடையில் ஐரோப்பியச் சரக்கைக் காட்டினார்கள். அதைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. இரண்டாவது கடையில், எங்கே செய்தது என்று பெட்டியில் தேடினாலும் கிடைக்காத ஒன்று: 18,500 ரூபாய். 18 மி.மீ. கட்டர் தனியாக 650. ஆக 19,150.

மலிவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டறிவது இவ்வியலின் நோக்கம். மோட்டாரில் இல்லை, மலிவான மோட்டாரும் சுற்றத்தான் செய்கிறது. காந்தத்திலும் பெரும்பாலும் இல்லை. செம்புக் கம்பியை எத்தனை சுற்று ஏமாற்ற முடியும்? மலிவு குடியிருப்பது சறுக்குத் தடத்தில். கைப்பிடியைப் பிடித்து மோட்டாரை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். மயிரிழை ஆடினால், கட்டரின் நுனியில் அது கயிற்று ஆட்டமாகிவிடும். ஓட்டை வட்டமாக வராமல் முட்டையாக வரும், பல் உடையும். தடத்தின் பக்கத்தில் இறுக்குத் திருகுகள் இருந்தால் சரிசெய்துகொள்ளலாம். இல்லாவிட்டால் கடையிலேயே வைத்துவிட்டு வருவது உத்தமம். அடுத்து, காந்தத்தைப் போடாமல் மோட்டார் சுவிட்சைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஓடக் கூடாது. ஓடினால் அது யந்திரம் அல்ல, ஆயுதம். கட்டர் பிடிக்கும் வாய் 19.05 மி.மீ., அதாவது முக்கால் அங்குல வெல்டன் அளவு என்றால் எந்தக் கம்பெனி கட்டரும் பொருந்தும். கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். கட்டுரையாளர் கேட்டபோது கடைக்காரர், "அது தேயற வரைக்கும் நீங்க ஓட்டுவீங்களா சார்?" என்று திருப்பிக் கேட்டார். கூர்ந்த நோக்குடையவர்.

ஓசூரில் வேலை பார்க்கும் மச்சான் போனில் வேறு உரை சொன்னார். "மாமா, ஒரு நாள் வாடகை எண்ணூறு. வேலைய முடிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடலாம். வருஷத்துக்கு எத்தன ஓட்ட போடப் போறீங்க?" இதை வாடகைவாதம் எனலாம். தர்க்கத்தில் குற்றம் காண முடியாத வாதம். ஆகவே கட்டுரையாளர் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டார்.

பொருளியலாகப் பார்த்தால் 19,150 ரூபாயை ஓட்டைக்கு 25 வீதம் மீட்க 766 ஓட்டை போட வேண்டும். ஸ்டாண்டுக்குப் பதினாறு வீதம் 48 ஸ்டாண்டு. அதன்மேல் 48 டேங்க், 48,000 லிட்டர் தண்ணீர், நான்கு லாரி. அவ்வளவும் ஏறிய பிறகு மொட்டைமாடி இருக்காது. ஆனால் யந்திரம் லாபத்தில் இருக்கும். இந்தக் கணக்கைக் கட்டுரையாளர் பஸ்ஸில் திரும்பி வரும்போது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போட்டார் என்பது முறையியல் குறைபாடு என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது.

கள ஆய்வு

உடைந்த ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தை நூலில் கட்டி, வீடு முழுவதும் எடுத்துச் சென்று, எங்கே ஒட்டுகிறது என்று பார்க்கப்பட்டது. இதையும் வாங்குவதற்கு முன் செய்திருக்கலாம்.

வாசல் கேட்டில் ஒட்டவில்லை. எவர்சில்வர். போன ஆண்டு, துருப்பிடிக்காது என்று பெருமையாகப் போட்டது. நிக்கல் கலந்த அந்த வகை எஃகைக் காந்தம் சட்டை செய்வதில்லை. ஜன்னல் அலுமினியம். பீரோவில் ஒட்டியது, ஆனால் தகடு ஒரு மி.மீ.க்கும் கீழே. மாடிப்படிக் கைப்பிடி எவர்சில்வர். சமையலறையில் குடம், சம்படம், டபரா, எல்லாம் கைவிரித்தன. இண்டக்‌ஷன் அடுப்புக்கென்று வாங்கிய பாத்திரத்தின் அடி மட்டும் கவ்வியது. அதில் நிக்கல் இல்லை. பிரிட்ஜ் கதவில் ஏற்கெனவே திருப்பதி காந்தம் ஒட்டியிருந்ததால் சோதனை தேவைப்படவில்லை. ஆக, 2025-ஆம் ஆண்டில் ஒரு நடுத்தரக் குடும்பம் 12 மி.மீ. இரும்பு ஒன்றுகூட இல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறது. இரும்பு யுகம் எப்போது முடிந்தது என்று கேட்கும் மாணவர்களுக்கு இனி ஹெப்பகோடியைக் காட்டலாம்.

ஒரே ஒரு பொருள் ஓரளவு விதிவிலக்கு. சுவர் ஓரம் சாய்த்து வைத்திருந்த இரும்பு தோசைக்கல். மாமியார் தருமபுரியிலிருந்து கொடுத்தனுப்பியது, பதினான்கு அங்குல விட்டம், தட்டை, முப்பது ஆண்டு எண்ணெய் ஊறியது. காந்தம் அதை நோக்கித் தானாகப் பாய்ந்து ஒட்டிக்கொண்டது. வெர்னியரை வைத்து அளந்ததில் 5.8 மி.மீ. புதிதாக வந்த பேஸ் பிளேட்டுகளை விட்டால், இவ்வீட்டின் மிகக் கனமான இரும்பு.

செய்முறை

ஞாயிற்றுக்கிழமை. மனைவி பக்கத்து வீட்டு ஆன்ட்டியோடு சந்தாபுரம் போயிருந்த நேரம். மொட்டைமாடியில் பேஸ் பிளேட்டை வைத்து, சென்டர் பஞ்ச் அடித்து, யந்திரத்தை ஏற்றிச் சுவிட்சைப் போட்டதும் 'டப்'. ஆனால் கையால் தள்ளினால் நகர்ந்தது. 8 மி.மீ. போதவில்லை.

எட்டும் ஐந்து புள்ளி எட்டும் பதின்மூன்று புள்ளி எட்டு. பன்னிரண்டைவிட அதிகம்.

இன்னொரு பொருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பத்து அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டம் பதினான்கு அங்குலத்துக்கு ஒரு மயிரிழைதான் கூடுதல். பிளேட் அந்தத் தோசைக்கல்லின்மேல் கோலம் போட்டதுபோல உட்கார்ந்தது. யந்திரத்தை மேலே வைத்துச் சுவிட்சைப் போட்டதும் கேட்ட 'டப்' வேறு ரகம். தள்ளிப் பார்த்தால் அசையவில்லை. கட்டிங் ஆயில் விட்டு, சக்கரத்தை மெல்லத் திருப்ப, வெள்ளிச் சுருள்கள் புறப்பட்டன. இருபத்திரண்டு ஆண்டுகள் அடுத்தவர் ஓட்டையை அளந்தவனுக்கு அந்தச் சுருளைப் பார்க்கும்போது தொண்டை அடைத்தது. அடைத்ததால், கட்டர் பிளேட்டைத் தாண்டியதும் ஒரு தொய்வு தெரிய வேண்டுமே, தெரியவில்லையே என்ற நினைப்பு வரவில்லை. சுருளின் நிறம் கறுத்தபோதும் வரவில்லை. எள் கருகிய மணம் வந்தபோது வந்தது.

மோட்டாரை நிறுத்தி யந்திரத்தைத் தூக்கினால் இரண்டு வில்லைகள் உருண்டு விழுந்தன. ஒன்று பளபளப்பு. இன்னொன்றின் ஒரு முகம் கறுப்பு. அதில் நல்லெண்ணெய் வாசம்.

இரண்டு ஓட்டைகளையும் அளந்தாயிற்று. பிளேட்டில் 18.1. தோசைக்கல்லில் 18.1. பிசிறில்லை, வட்டம் பிசகவில்லை. கட்டுரையாளர் பதவியில் இருந்திருந்தால் இரண்டுக்கும் பாஸ் போட்டிருப்பார்.

மீதிப் பதினைந்து ஓட்டைகளைச் சந்து முனைத் தம்பி 375 ரூபாய்க்கு அன்று மாலையே போட்டுக் கொடுத்துவிட்டார். ஆகவே யந்திரத்தின் மூலதனமாகிய 19,150 ரூபாயை ஒரே ஓட்டையின் தலையில் சுமத்த நேர்கிறது. இருந்தும், தோசைக்கல்லில் விழுந்ததையும் உற்பத்தியாகக் கணக்கில் சேர்த்தால் ஓட்டை ஒன்றின் அடக்கவிலை 9,575 ஆகப் பாதியாகக் குறைகிறது. இந்த முடிவைச் சமையலறை வாசலில் நின்று கட்டுரையாளர் வாசித்தபோது, மனைவி ஒரு கையில் மாவுக் கரண்டியும் மறு கையில் கல்லுமாக, அந்த ஓட்டை வழியே ஒரு கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டார்.